ஆறு ஓடும் நாட்கள்



கோடை விடுமுறை தொடங்கியதும் வெளியூர்களிலிருந்து உறவினர்கள் எங்கள் உத்திரமேரூருக்கு வருவது வழக்கம். ‘செய்யாற்றில் ஆசைதீரக் குளிக்கலாம்’ என்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புறப்படுவர்; ஒரு மணி நேரத்தில் முகம் வாடித் திரும்புவர். மே மாதத்தில் அங்கே காணக் கிடைப்பது சுடுமணல்தான். சவ்வாது மலையில் பிறந்து திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கும் இந்த ஆறு, ஆண்டு முழுவதும் ஓடுவதன்று; மழையை நம்பி வாழ்வது.

அவ்வாறாயின் மழைக்காலத்திலேயே வரலாமே என்பீர்கள். அதுவும் வேண்டாம். எங்கள் மாவட்டத்தின் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை. 2021 நவம்பரில் பாலாறும் செய்யாறும் பெருக்கெடுத்தபோது தரைப்பாலங்கள் மூழ்கிப் போக்குவரத்து நின்றது. வெள்ளம் வடிந்த பின்னரும் ஆபத்து நீங்குவதில்லை. மணல் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்திருக்கின்றன. முழங்காலளவு நீரில் நடக்கும் பிள்ளை அடுத்த அடியில் ஆளை விழுங்கும் ஆழத்தில் இறங்கிவிடும். இதை வரும் விருந்தினர் அனைவரிடமும் சொல்கிறேன். ‘ஹஜ்ரத் பயமுறுத்துகிறார்’ என்று சிரிப்பவர்களும் உண்டு.

என்னைக் கேட்டால், டிசம்பர் கடைசி வாரம் முதல் ஜனவரி முடியும் வரையே ஏற்ற காலம். அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் அதற்குள் அடங்கும். மழை பொய்க்காத ஆண்டில் ஆற்றில் தெளிந்த நீர் ஓடும். ஏரி நிறைந்து நிற்கும். வயலில் சம்பாக் கதிர் சாயும். வேடந்தாங்கலுக்கு வலசை வரும் பறவைகளும் அப்போது கூடு கட்டியிருக்கும். குடவோலைத் தேர்தலைக் கூறும் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) வெயிலின்றி நின்று பார்க்கலாம். ஏரியைக் கவனிக்கவென்றே ‘ஏரி வாரியம்’ ஒன்றை அன்றே தேர்ந்தெடுத்த ஊர் இது.

மதரஸாக்காரர்களாகிய எங்களுக்கு ஒரு சங்கடம். எங்கள் விடுமுறை பிறையைப் பார்க்கிறது. ஆறோ சூரியனைப் பார்க்கிறது. ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 11 நாட்கள் குறைவாதலால், ரமளான் சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 1999, 2000 ஆகிய ஆண்டுகளில் நோன்புப் பெருநாள் ஜனவரியில் வந்தது. தொழுகை முடிந்ததும் அத்தா எங்களை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்றார். அம்மா தூக்கில் சேமியா கொண்டுவந்தார். ஈரக்காற்றில் அமர்ந்து உண்ட அந்தச் சேமியாவின் சுவை பின்னர் எந்தப் பெருநாளிலும் எனக்குக் கிட்டவில்லை.

கணக்குப்படி 2032-இல் பெருநாள் மீண்டும் பொங்கலை ஒட்டி வரும். பிறை தெரிந்தால்தான் உறுதி. அத்தாவுக்கோ இப்போதே எண்பது நெருங்குகிறது. அதுவரை காத்திருக்கச் சொல்ல மனம் வரவில்லை. இன்ஷா அல்லாஹ், வரும் அரையாண்டு விடுமுறையில் அவரை அதே கரைக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். நீங்களும் அந்நாட்களில் குடும்பத்தோடு வாருங்கள். குளிப்பதற்குத் துண்டு மட்டும் எடுத்துவர வேண்டாம்.