விழித்தெழத் தாமதிக்கும் இசைப்பெட்டி



உள்ளங்கையளவு இசைப்பெட்டியொன்று எங்கள் இல்லத்தில் உண்டு. 2012-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினிப் பலகையில், இசைக்கென அமைந்த இலவச மென்பொருளை ஏற்றி என் மகன் செய்து தந்தது. வைஃபை வழியே வானொலி நிலையங்களைப் பாடும். மாடியிலுள்ள அவனது கணினியில் சேர்த்திருக்கும் பாடல்களையும் எடுத்துப் பாடும். காலஞ்சென்ற என் தகப்பனார் நாடாவில் பாடிப் பதித்த பாடல்கள் மட்டும் பெட்டியின் மெமரி கார்டிலேயே இருந்தன. விடியற்காலையில் என் தாயார் கேட்பது அவற்றைத்தான்.

ஆனால் மின்சாரம் கொடுத்து மூன்று நிமிடம் ஆகியும் பெட்டி வாய் திறவாது. பழுதென்று எண்ணிய தாயார் இணைப்பைப் பிடுங்கி மீண்டும் செருகுவார். ஒரு நாள் பெட்டி எழவேயில்லை. கார்டில் எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் அறுந்தால் அதிலுள்ள கோப்புகள் சிதைவதுண்டு. "உங்கள் அப்பாவின் குரலும் போய்விட்டதா?" என்று தாயார் கேட்டபோது எனக்குப் பேச்சு எழவில்லை. நல்ல வேளையாக, மகன் கார்டை வேறொரு கணினியில் செருகிப் பதிவை மீட்டான். வேறு பிரதி எடுத்து வைக்காதது என் குற்றமே.

பின்னர் காரணம் தேடினோம். புதிய கார்டில் பழைய அமைப்புகளை ஏற்றி, பெட்டியை எச்டிஎம்ஐ கம்பியால் தொலைக்காட்சியுடன் இணைத்தான். எழும்போது வரிசை வரிசையாக எழுத்துகள் ஓடின. ஓரிடத்தில் நின்று, 1 நிமிடம் 30 வினாடி என்னும் எல்லையை நோக்கி எண்ணத் தொடங்கியது. பெட்டி மாடிக் கணினியின் பாடல் தொகுப்பைத் தேடிக்கொண்டிருந்தது. அக்கணினியோ விடியற்காலையில் அணைந்திருக்கும்! வராத விருந்தாளிக்காக இலையைப் போட்டுக் காத்திருந்த கதைதான். எஃப்எஸ்டேப் என்னும் கோப்பில் அத்தொகுப்பிற்குரிய வரியில் 'நோஃபெயில்' என்னும் சொல்லைச் சேர்த்தான். தொகுப்பு கிடைக்காவிடினும் காத்திராமல் மேலே செல்க என்பது அதன் பொருள்.

எஞ்சிய தாமதத்திற்கு வேறு காரணம் இருந்தது. பழைய கைபேசியின் 1 ஆம்பியர் சார்ஜரை அதற்குக் கொடுத்திருந்தோம். எங்களுடைய மூன்றாம் தலைமுறைப் பலகைக்கு 2.5 ஆம்பியர் வேண்டும். நான்காம் தலைமுறைக்கு 3. மின்னழுத்தம் தாழ்ந்தால் பலகை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். திரையின் மூலையில் மின்னல் குறி தோன்றும். உரிய சார்ஜரை வாங்கிவிட்டோம்.

டெபியன் வழிவந்த மென்பொருளாயின், 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' என்னும் கட்டளை எப்பணிக்கு எத்தனை வினாடி சென்றது எனக் காட்டும். ஆயினும் பட்டியலின் தலையில் நிற்பதெல்லாம் குற்றவாளியன்று. பல பணிகள் ஒருங்கே நடப்பவை. வைஃபை கிடைக்கும்வரை காத்திருக்கும் பணி அதில் அடிக்கடி தென்படும். ரவுட்டரும் பெட்டியும் ஒரே சுவிட்சில் இருந்தால், ரவுட்டர் முதலில் எழும்வரை பெட்டி திகைக்கும்; இரண்டையும் பிரித்து வைப்பது நலம். மற்றொன்று: இவ்வகைப் பழைய பலகைகளில் மின்கலக் கடிகாரம் இல்லை. வலையிலிருந்து நேரம் பெறும்வரை சில இணைய வானொலிகள் இணைய மறுக்கும். அது பழுதன்று.

இப்போது எங்கள் பெட்டி முக்கால் நிமிடத்திற்குள் பாடுகிறது. தகப்பனாரின் பாடல்களை இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றைத் தங்கை வீட்டில் கொடுத்திருக்கிறேன். இணைப்பைப் பிடுங்குமுன் கைபேசியில் 'நிறுத்து' பொத்தானை அழுத்தத் தாயாருக்குக் கற்றுக்கொடுத்தாயிற்று. பாதி நாள் மறந்துவிடுகிறார்.