பண்டோங் கிளாசைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

அன்புள்ள ஈப்போ, புந்தோங், சுங்கை சிப்புட் சொந்தங்களுக்கு,

தைப்பூசத்துக்கு வந்துவிட்டு மெல்பர்ன் திரும்பியதிலிருந்து மனம் ஆறவில்லை. போனில் சொன்னால் சண்டையில்தான் முடியும். ஒரு வீட்டுக்குச் சொல்லி இன்னொரு வீட்டை விட்டுவிட்டால் அது வேறு வருத்தம். அதனால் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

விஷயம் ஒரு கிளாஸ் பண்டோங். சிரிக்காதீர்கள்.

ஈப்போ லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோமே, அன்றைக்கு. இலைகூட விழவில்லை, அதற்குள் கடைத் தம்பி வந்து "தண்ணி என்னாண்ணே?" என்று நின்றான். மாமா, அத்தை, பெரிய அண்ணன் மூவரும் ஒரே குரலில் "தே ஓ கோசோங்", பாலும் சீனியும் இல்லாத தேநீர். மூவருக்கும் இனிப்புநீர். டாக்டர் சொன்னதைக் கேட்கிறார்கள், சந்தோஷம். மாமா மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டே அடுத்த ஆர்டரையும் சொன்னார்: "பிள்ளைங்களுக்கு பண்டோங், பெருசு." அடியில் டின் பால் தேங்கி, மேலே ரோஸ் சீராப்பும் ஐசுமாக, என் இரண்டரை வயது மகனின் முகத்தை மறைக்கிற உயரத்தில் கிளாஸ் வந்து இறங்கியது. "பச்சைத்தண்ணி போதும் மாமா" என்றேன். "அங்கே பிள்ளையைப் பட்டினி போட்டுத்தான் வளக்குறியா?" என்றார். மேசையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். அவன் அடிவரை உறிஞ்சினான். அதன் பிறகு சோறு ஒரு வாய் இறங்கவில்லை.

இங்கே மெல்பர்னுக்கு வந்த புதிதில் பிள்ளைகளோடு கடைக்குப் போவதென்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். பொழுது சாய்வதற்குள் இரவுச் சாப்பாடு. பிள்ளை கரண்டியைக் கீழே போட்டால் பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கும். ஆனால் உட்கார்ந்த கையோடு, நாம் கேட்காமலே, ஒரு பாட்டில் குழாய்த் தண்ணீரும் கிளாஸ்களும் வந்துவிடும். காசு கிடையாது. விக்டோரியா மாநிலத்தில் உட்கார்ந்து குடிக்க மது விற்கும் உரிமம் வாங்கிய கடை, குடிதண்ணீரை இலவசமாகக் கொடுத்தே ஆகவேண்டும், அது சட்டம். (பிள்ளைகளுக்கென்று இவர்கள் போடும் மெனுவைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. எங்கே போனாலும் நகெட்ஸ், சிப்ஸ். நம் ரசஞ்சோற்றின் பக்கத்தில் நிற்க முடியாது.) தாகம் எடுத்தால் தண்ணீர் என்று என் பிள்ளைகள் வளர்ந்தது இப்படித்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு, ஒளிக்கவில்லை.

நம் மலேசியாவிலும் அரசாங்கம் சும்மா இல்லை. 2019 ஜூலை 1 முதல் இனிப்புப் பானத்துக்கு லிட்டருக்கு 40 காசு வரி. 2024-இல் அது 50 காசு, 2025-இல் 90 காசு. ஆனால் அதெல்லாம் தொழிற்சாலையிலிருந்து அடைத்து வருகிற பானத்துக்கு. கடையில் தண்ணி கலக்குறவர் டின்னைக் கவிழ்க்கும்போது அவர் கையை எந்த வரியும் பிடிப்பதில்லை. 2023 சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்த நோயில் முன்னால் நிற்பது இந்தியர்களான நாம்தான். வேறு எதிலாவது முன்னால் நின்றிருந்தால் இந்நேரம் மண்டபம் பிடித்து மாலை போட்டிருப்போம்.

பண்டோங்கில் ஊற்றும் அந்தப் பால் டின்னைத் திருப்பிப் படித்ததுண்டா? பால் என்று நாம் சொல்வது பெரும்பாலும் கிரீமர். சீனி, செம்பனை எண்ணெய், கொஞ்சம் பால் மாவு. நம் தோட்டத்தில் ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள், நம்மைத் தாமான் வீடுகளுக்கு அனுப்பினார்கள். அந்த எண்ணெய் சுற்றி வந்து நம் பிள்ளை கிளாசில் நிற்கிறது. 1939-லேயே சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர் அம்மா, சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், சீனி போட்ட டின் பாலைக் கைக்குழந்தைக்கு நல்லதென்று சொல்லி விற்பது கொலைக்குச் சமம் என்று பேசினார். பேச்சின் தலைப்பே 'பாலும் கொலையும்'. வெள்ளைக்காரன் காலத்திலேயே நம் காதில் போட்டாயிற்று.

ஒரு கிளாசுக்கு இத்தனை பேச்சா என்று அக்கா கேட்பாள். அவள் கேட்கலாம். வாரம் மூன்று நாள் அம்மாவை டயாலிசிசுக்கு ஏற்றி இறக்குகிறவள் அவள். நான் வீடியோ காலில் "கால் வீக்கம் வத்திருச்சாம்மா?" என்று கேட்கிறவள். "வருஷத்துக்கு ஒரு வாட்டி வந்துட்டுப் பாடம் நடத்தாதே" என்று காரில் சொன்னாளே, அன்றும் எனக்குப் பதில் வரவில்லை, இன்றும் இல்லை. காசு அனுப்புகிறேன். காசு காரோட்டாது.

மாமா ஏன் அந்தக் கிளாசைச் சொன்னார் என்பதும் எனக்குத் தெரியும். நாங்கள் சிறுபிள்ளைகளாய்த் தோட்டத்தில் இருந்தபோது, சம்பள நாளில் பட்டணத்துக்குக் கூட்டிப்போய், ஒட்டுக்கடையில் ஒரு பொட்டலம் சீராப் வாங்கித் தருவார். நாலு பிள்ளைக்கும் ஒரே உறிஞ்சுகுழல். யார் எவ்வளவு இழுத்தோம் என்று அடித்துக்கொள்வோம். அவர் தனக்கென்று வாங்கியதே இல்லை. உட்கார்ந்து சாப்பிடுவதெல்லாம் தோட்டத்துக் கிராணி வீட்டுக்காரர்களுக்கு. அன்று ஒன்றுக்கு மேல் வாங்க முடியாத மனுஷர் இன்று ஆளுக்கொன்று வாங்குகிறார். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

அன்று அதே கடையில் இன்னொன்றும் நடந்தது, நீங்கள் யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள். கல்லாவில் இருந்த அக்கா, முன்பின் தெரியாதவர், அழுத என் சின்ன மகளை என்னிடமிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கடை வாசல் அஞ்சடியில் நடந்தார். எதிர்க்கடைப் பூமாலையைக் காட்டினார், மோட்டார் சைக்கிளைக் காட்டினார். நான் நிதானமாகப் பிசைந்து, ரசம் வரைக்கும் சாப்பிட்டேன். மெல்பர்னில் அதற்கு வழியில்லை. அடுத்தவர் பிள்ளையைத் தொட மாட்டார்கள். தொட்டால் நாமே பதறிப்போவோம். அந்த அக்காவையும் இந்த ஊர்த் தண்ணீர்ப் பாட்டிலையும் ஒரே கடையில் கேட்கிறேன். பேராசைதான்.

தைப்பூசத்தில் புந்தோங்கிலிருந்து கல்லுமலைக் கோயிலுக்கு ரதம் போகிற வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் போடுகிறீர்கள். வெயிலில் நடந்துவரும் பிள்ளைகளுக்குச் சிவப்புச் சீராப்தான் கையில் ஏறுகிறது. அடுத்த வருஷம் நம் பந்தலில் ஒரு தொட்டி வெறும் தண்ணீரும் ஒரு தொட்டி மோரும் முன்வரிசையில் இருக்கட்டும். செலவு என்னுடையது. சீராப்பை நிறுத்தச் சொல்லவில்லை. பின்னால் நகர்த்துங்கள், கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள்.

மாமாவுக்கு மட்டும் தனியாக ஒன்று. அடுத்த முறை கடைக்குப் போகும்போது பிள்ளைகளுக்கு ஆர்டர் நான் சொல்கிறேன். பச்சைத்தண்ணிக்கு 50 காசு போட்டால் போடட்டும். பில்லை நீங்களே கட்டுங்கள், அதற்கு நான் மல்லுக்கட்ட மாட்டேன்.

உங்கள் வீட்டுப் பெண்,
மெல்பர்ன்