இருபது கோடியும் என் பழைய போனும்

ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூர். டவர் இல்லாத சாயங்காலம். ஸ்டாக்ஃபிஷுக்கு டவர் வேண்டாம். போனிலேயே யோசித்து என்னைத் தோற்கடித்துக்கொண்டிருந்தது. "டீப் ப்ளூவையே இது அடிச்சிடும் மச்சி, எல்லாம் ப்ராசசர் வேகம்" என்றான் கூட வந்த நண்பன். எங்கள் தொழிலில் பலரும் நம்பும் அபத்தம் இது.

1997இல் காஸ்பரோவை வென்ற டீப் ப்ளூவில் செஸ்ஸுக்கென்றே செய்த 480 சிப்புகள் இருந்தன. நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை அலசியது. என் போன் 10 லட்சத்தைத் தொட்டாலே பெரிய விஷயம். அப்புறம் எந்த வேகத்தைச் சொல்றீங்க?

ஸ்டாக்ஃபிஷின் பலம், எந்தக் கிளையைப் பார்க்கவே வேண்டாம் என்று அதற்குத் தெரிவதில் இருக்கிறது. 2020இல் சேர்ந்த சிறிய நியூரல் நெட்வொர்க் நிலைகளை இன்னும் நுட்பமாக எடைபோடுகிறது. பெரும்பாலும் தன்னார்வலர்கள் எழுதியது. ஒவ்வொரு திருத்தத்தையும் ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் சோதித்த பிறகே சேர்க்கிறார்கள். நிரல் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. டீப் ப்ளூவையோ, காஸ்பரோவ் கேட்ட மறு ஆட்டத்தைக்கூடத் தராமல் ஐபிஎம் ஓய்வுக்கு அனுப்பிவிட்டது.

அந்த உழைப்பை சிப்பின் கணக்கில் எழுதுகிறவர்கள்தான், நிரல் மெதுவாக ஓடினால் திறந்துகூடப் பார்க்காமல் பெரிய சர்வர் கேட்டு மெயில் போடுகிறார்கள். நண்பனும் போன வாரம் போட்டான்.