பட்டன் எங்கே போச்சு?

மந்தாரக்குப்பத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதன்முறையாக ஒரு லேப்டாப் வாங்கினார். ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"தம்பி, பொண்ணோட காலேஜ் அப்ளிகேஷன் போட்டுக்கிட்டு இருக்கேன். எல்லாத்தையும் டைப் பண்ணிட்டேன். அனுப்புற பட்டனையே காணோம். இன்னிக்குத்தான் கடைசி நாள். கம்ப்யூட்டர் கோளாறா, இல்ல நான் ஏதாவது கெடுத்துட்டேனா?"

கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு மைனஸ் கீயை இரண்டு முறை தட்டினேன். பக்கம் 80 சதவீதமாகச் சுருங்கியது. வலது ஓரத்தில் பட்டன் எட்டிப் பார்த்தது. டைப் செய்தது எதுவும் அழியவில்லை.

தவறு அவருடையதும் இல்லை, லேப்டாப்புடையதும் இல்லை. பிறகு யாருடையது?

அந்தப் பக்கத்தின் சோர்ஸைத் திறந்து பார்த்தேன். பெட்டியின் அகலம் 1200 பிக்ஸல். இரு பக்கமும் 20, 20 பேடிங், அதாவது எழுத்துக்கும் பெட்டியின் விளிம்புக்கும் நடுவே விடும் காலி இடம். மொத்தம் 1240. லேப்டாப் திரையின் அகலம் 1366. ஆனால் அவர் கண்ணுக்கு வசதியாக விண்டோஸில் எழுத்தை 125 சதவீதம் ஆக்கியிருந்தார். அப்படிச் செய்தால் பக்கத்துக்குக் கிடைப்பது 1092 பிக்ஸல்தான். அதிலும் ஸ்க்ரோல் பார் சுமார் 15 பிக்ஸலை எடுத்துக் கொள்ளும். ஆக, ஏறத்தாழ 160 பிக்ஸல் திரைக்கு வெளியே. பட்டன் இருந்தது அங்கேதான்.

கீழே குறுக்கு ஸ்க்ரோல் பார் இருந்திருந்தால் நகர்த்திப் பார்த்திருப்பார். "அசிங்கமாக இருக்கிறது" என்று நினைத்தோ என்னவோ, பக்கம் தயாரித்தவர் அதை மறைத்து வைத்திருந்தார்!

இந்த அளவுத் தகராறு புதிதல்ல. ஆசாரியிடம் 3 அடி அலமாரி கேட்கிறீர்கள். அவர் உள் அளவை 3 அடியாக வைத்து, பலகையின் கனத்தை வெளியே சேர்த்து விடுகிறார். அலமாரி சுவரில் உள்ள இடத்துக்குள் நுழையாது. 1996-ல் வெளியான சி.எஸ்.எஸ். விதிப்படி அகலம் என்பது உள் அளவு. பேடிங்கும் பார்டரும் தனி. இண்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 அதை வெளி அளவாக எடுத்துக் கொண்டது. ஒரே பக்கம் ஒரு பிரவுசரில் அடங்கியது, இன்னொன்றில் வழிந்தது. 2001-ல் வந்த எக்ஸ்புளோரர் 6, பக்கத்தின் தலையில் சரியான டாக்டைப் வரி இருந்தால் விதிப்படியும், இல்லையென்றால் பழைய கணக்குப்படியும் நடந்தது.

விதிப்படி எக்ஸ்புளோரர் 5 செய்தது தவறு. ஆனால் என்னைக் கேட்டால் நடைமுறைக்கு ஏற்றது அந்தக் கணக்குதான். பிற்பாடு 'பாக்ஸ்-சைஸிங்' என்ற வசதி வந்து, வெளி அளவையே அகலமாக வைத்துக் கொள்ள வழி செய்தது. இன்று பல வடிவமைப்பாளர்கள் முதல் வேலையாக எழுதுவது அதைத்தான்.

ஸ்க்ரோல் பார் கதையும் இப்படித்தான். எக்ஸ்புளோரர் 6 அதற்கான இடத்தை எப்போதும் ஒதுக்கி வைத்தது. 2004-ல் வெளியான ஃபயர்பாக்ஸ் 1.0 தேவைப்பட்டால் மட்டும் காட்டியது. அதனால் சிறிய பக்கத்திலிருந்து நீளமான பக்கத்துக்குப் போனால், நடுவில் வைத்த படமும் எழுத்தும் ஒரு குதி குதிக்கும். 2011-ல் மேக் ஓ.எஸ். லயன், டச்பேடில் விரல் வைத்து நகர்த்தும்போது மட்டும் பாரைக் காட்டும் பழக்கத்தைக் கொண்டு வந்தது. பார்க்க அழகுதான். ஆனால் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவருக்குக் 'கீழே இன்னும் இருக்கிறது' என்று யார் சொல்வது? அந்தப் பட்டைதானே சொல்ல வேண்டும்?

பாருக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கும் 'ஸ்க்ரோல்பார்-கட்டர்' வசதி குரோமில் 2021-லும், ஃபயர்பாக்ஸில் 2022-லும், சஃபாரியில் 2024 இறுதியிலும் வந்து விட்டது. கருவி கையில் இருக்கிறது. பக்கம் தயாரிப்பவர்கள் தங்கள் பெரிய மானிட்டரில் மட்டும் பார்க்காமல், எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் ஒரு சாதாரண லேப்டாப்பிலும் ஒரு முறை பார்த்தால் போதும். முக்கியமாக, பாரை மறைக்காதீர்கள்.

வாசகர்களுக்கு மூன்று யோசனைகள். பட்டன் தெரியவில்லையா? கண்ட்ரோல், மைனஸ் தட்டுங்கள். பழைய அளவுக்குத் திரும்பக் கண்ட்ரோல், பூஜ்யம். அப்படியும் வரவில்லையா? கடைசிக் கட்டத்தில் க்ளிக் செய்து டேப் கீயை அழுத்துங்கள். மறைந்திருக்கும் பட்டன் பெரும்பாலும் திரைக்குள் வந்து விடும். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, விஷுவல் எஃபெக்ட்ஸ் போய், ஸ்க்ரோல் பார்களை எப்போதும் காட்டு என்பதை ஆன் செய்யுங்கள்.

அன்று இரவே விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. "நான் எதையும் கெடுக்கலையே?" என்று மறுபடி கேட்டுக் கொண்டுதான் போனார். இல்லை ஐயா. நீங்கள் எதையும் கெடுக்கவில்லை.