சோம்பலா, மனச்சோர்வா?

ஜொகூர் பாருவில் பல பெற்றோர் பொழுது விடியும் முன்பே மோட்டார் சைக்கிளிலும் பேருந்திலும் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அவர்கள் வீடு திரும்பும்போது இரவாகிவிடுகிறது. அத்தகைய குடும்பத்துப் பிள்ளையைப் பகலில் அதிக நேரம் பார்ப்பவர் ஆசிரியரே. ஆகவே, பிள்ளையின் முகம் வாடுவதை முதலில் காணும் வாய்ப்பும் பெரும்பாலும் அவருக்கே அமைகிறது.

ஆனால், காண்பது வேறு, புரிந்துகொள்வது வேறு. நன்றாகப் படித்துவந்த மாணவி ஒருத்தி திடீரென வீட்டுப்பாடம் செய்யாமல் வருகிறாள். மேசைமீது தலை சாய்த்துக்கொள்கிறாள். ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைப் பக்கமே போவதில்லை. 'சோம்பேறி' என்ற சொல் எளிதில் வாயில் வந்துவிடும். சிலர் உடனே கட்டொழுங்கு ஆசிரியரிடம் அனுப்பிவிடுவர். அது பிழையான தொடக்கம். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சோகம், உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை ஆகியவை மனச்சோர்வின் அறிகுறிகளாக இருக்கலாம். பதின்ம வயதினரிடம் அஃது அழுகையாக அன்றி எரிச்சலாக வெளிப்படுவதும் உண்டு. சுகாதார அமைச்சு 2022ஆம் ஆண்டில் நடத்திய தேசிய ஆய்வில், 13 முதல் 17 வயது வரையிலான மாணவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வு காணப்பட்டது. 40 பேர் பயிலும் வகுப்பில் இது பத்துப் பேருக்குச் சமம்.

ஆசிரியர் மருத்துவராக மாற வேண்டியதில்லை. வகுப்பு முடிந்ததும் தனியே அழைத்து, "கொஞ்ச நாளாகவே நீ சோர்ந்து தெரிகிறாய், என்னம்மா?" என்று கேட்டால் போதும். முதல் நாள் பதில் வராமல் போகலாம். மறுவாரம் மீண்டும் கேட்கலாம். பத்துக் கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொல்லும் இடத்தில் நான்கு கேட்கலாம். கூடுதலாக இரண்டு நாள் தரலாம். ஆனால், பாடத்திலிருந்து முற்றாக விலக்கிவிடுவது நல்லதன்று. 'உன்னால் முடியாது' என்றே அவள் அதைப் புரிந்துகொள்வாள். 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்றும் வாக்குக் கொடுக்கக்கூடாது. வாழப் பிடிக்கவில்லை என்று அவள் சொன்னால், ஆலோசக ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் அன்றே தெரிவித்தாக வேண்டும்.

இங்கேதான் வெட்கம் குறுக்கே நிற்கிறது. ஜொகூர் பாருவின் தம்போய் வட்டாரத்தில் பெர்மாய் மனநல மருத்துவமனை இருக்கிறது. அதனாலேயே 'தம்போய்' என்ற ஊர்ப்பெயரைக் கேலிச்சொல்லாக்கியவர்கள் உண்டு. 'ஊர் என்ன பேசும்?' என்று தயங்கும் பெற்றோர், பிள்ளையைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வதைத் தள்ளிப்போடுகின்றனர். வகுப்பில் அந்தக் கேலி எழும்போது ஆசிரியரும் சேர்ந்து சிரித்துவிட்டால், மேசைமீது தலை சாய்த்திருக்கும் அந்த மாணவி மறுவாரக் கேள்விக்கும் வாய் திறக்கமாட்டாள்.