குடிக்கூலியை நம்பி வீடு வாங்குவோருக்கு

வீட்டு வாடகைக்குத் தமிழில் 'குடிக்கூலி' என்றொரு பழைய பெயர் உண்டு. குடியிருப்பதற்குத் தரும் கூலி என்பது அதன் பொருள். கட்டடம் தானாக எதையும் ஈட்டுவதில்லை. ஒருவர் வந்து குடியேறினால்தான் வருவாய். பெங்களூரில் வாடகைக்கு விடுவதற்கென்றே அடுக்குமாடி வீடு வாங்க எண்ணும் நண்பர்கள் பலர் இந்த எளிய உண்மையைக் கணக்கில் கொள்வதில்லை.

ஒயிட்ஃபீல்டிலும் பெல்லந்தூரிலும் அடுக்குமாடிகள் பெருகியதற்குக் காரணம் அங்குள்ள காற்றோ நீரோ அன்று. சுற்றியுள்ள தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களே. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வேலை மடிக்கணினிக்குள் அடங்கியது, ஊழியர் பலர் வீட்டைக் காலி செய்து சொந்த ஊர் திரும்பினர், வாடகை சரிந்தது. 2022இல் நிறுவனங்கள் மீண்டும் அழைக்கத் தொடங்கியதும் வாடகை வேகமாக ஏறியது. இரு காலத்திலும் கட்டடங்கள் அவையே. மாறியது, வேலையை எங்கிருந்து செய்யலாம் என்னும் விதி மட்டுமே. அவ்விதியை வகுப்பதில் வீட்டு உரிமையாளருக்கு எந்தப் பங்கும் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. 80 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 60 லட்சம் கடன், வட்டி 8.5 விழுக்காடு, தவணைக்காலம் 20 ஆண்டுகள். மாதத் தவணை ஏறத்தாழ 52,000 ரூபாய். வாடகை 25,000 ரூபாய் என்றால், எஞ்சிய 27,000 ரூபாயை உரிமையாளர் தம் ஊதியத்திலிருந்தே கட்டியாக வேண்டும். பராமரிப்புக் கட்டணமும் சொத்துவரியும் தனி.

இதைவிடப் பெரிய இடர் ஒன்றுண்டு. இவ்வீடுகளை வாங்குவோரில் பலர் தாமும் அதே துறையில் பணிபுரிவோர். துறை தளர்ந்தால் குடியிருப்பவர் வெளியேறுவார். உரிமையாளரின் ஊதியமும் அதே மாதத்தில் நின்றுபோகலாம். சேமிப்பைப் பிரித்து வைத்திருப்பதாக அவர் நம்புகிறார். உண்மையில் ஊதியம், வாடகை இரண்டையும் ஒரே தூணில் கட்டியிருக்கிறார். வாடகை குறைந்தாலும் வீட்டின் விலை ஏறுமே என்பர். குடியேற ஆள் இல்லாத இடத்தில் அவ்விலையைத் தந்து வாங்க யார் வருவார்?

இந்த இடரின் சுமை உரிமையாளரோடு நிற்பதுமில்லை. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது இந்நகரின் நெடுநாள் வழக்கம். அப்பணத்தைத் தவணைக்குச் செலவிட்டவர், குடியிருப்பவர் திடீரெனக் காலி செய்யும்போது எங்கிருந்து திருப்பித் தருவார்? வண்ணப்பூச்சு, பழுது என்று காரணங்கள் முளைக்கும். இழப்பு வாடகைதாரர் தலையில் விழும். குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது, 2021இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம். ஆனால் அதை ஏற்பது மாநிலங்களின் முடிவு.

ஆதலால் வாங்கவே கூடாது என்பதன்று என் வாதம். அலுவலக வளாகம் ஒன்றை மட்டும் நம்பியிராத இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மருத்துவமனை, கல்லூரி, சந்தை, மெட்ரோ நிலையம் உள்ள பகுதிக்கு மக்கள் வரப் பல காரணங்கள் உண்டு. ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று காக்கும். ஆறு மாதத் தவணையைக் கையிருப்பாக வையுங்கள். முன்பணத்தை வருவாயாக எண்ணாதீர்கள். அது நீங்கள் பட்ட கடன். ஓராண்டு முழுவதும் வீடு பூட்டிக் கிடந்தாலும் தாங்க முடியுமா என்று கணக்கிட்டுப் பாருங்கள். முடியாது என்றால், அந்த வீடு இப்போதைக்கு உங்களுக்கு உரியதன்று.