நாக்குக்கும் ஜாதி உண்டா?

தமிழபிமானிகள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளுகின்றவர்களில் சிலருக்கு இப்போது ஒரு வேடிக்கை கிடைத்திருக்கிறது. அதாவது, நம் எடப்பாடியிலும் பக்கத்து ஊர்களிலும் தறிப் பட்டறைகளிலும் மில்களிலும் வேலை செய்ய பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்திருக்கிற தொழிலாளிகளைக் கடை வாசலில் நிறுத்தி, "எங்கே, வாழைப்பழம் என்று சொல்லு பார்க்கலாம்" என்று கேட்பதும், அவர் "வாலைப்பலம்" என்றவுடன் கைகொட்டிச் சிரிப்பதுமேயாகும். சிரிப்போடு நின்றாலும் போகட்டும் என்று விட்டுவிடலாம். அதற்கு மேலும் போய், "ழகரம் தமிழ் ரத்தம் ஓடுகிற நாக்குக்குத்தான் வரும், வடக்கனுக்கு ஏழு ஜன்மம் எடுத்தாலும் வராது" என்று தத்துவமும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இந்தத் தத்துவத்தைப்பற்றித்தான் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றோம்.

முதலாவது, தமிழ் ரத்தம் ஓடுகிற நாக்குகளிலெல்லாம் ழகரம் இருக்கிறதா? சந்தைக்குப் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நின்று பாருங்கள். "வாளப்பளம் சீப்பு என்ன விலை?" என்று கேட்கிற தமிழரைப் பத்து நிமிஷத்தில் பத்துப் பேர் காணலாம். மதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலும் இதே ‘பளம்’தான். பழைய சென்னைப் பட்டணத்துப் பேச்சில் அது ‘வாயப்பயம்’. இலங்கைத் தமிழர் பேச்சிலோ ழகரமும் ளகரமும் ஒன்றாகவே கலந்துவிட்டன. இவர்கள் உடம்பிலெல்லாம் ஓடுவது என்ன ரத்தம் என்று அந்தப் பண்டிதர்கள்தான் சோதித்துச் சொல்ல வேண்டும். மற்றொரு பக்கம், நம் சேலம் சீமையில் வீட்டிலே தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் பேசுகிற நெசவாளிக் குடும்பங்கள் எத்தனை? அவர்களில் எத்தனையோ பேர் ழகரத்தை மணி அடித்தாற்போல் சொல்லுகிறார்களே, அது எந்த ரத்தம்?

‘உலகத்தில் வேறு எந்தப் பாஷையிலும் இல்லாத எழுத்து’ என்று மேடையில் முழங்குவதும் சரியல்ல. மலையாளிகள் தினமும் ‘மழ’ என்றும் ‘கோழி’ என்றும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பழங்கன்னடத்திலும் பழந்தெலுங்கிலும் இதற்குத் தனி எழுத்தே இருந்து, பிறகு வழக்கொழிந்து போயிற்று. அமெரிக்கர்களில் சிலர் ‘ஆர்’ என்ற இங்கிலீஷ் எழுத்தைச் சொல்லும்போது நாக்கு ஏறக்குறைய நம் ழகரத்தின் இடத்திற்கே போய்விடுகிறது. ஆகவே, ஒரு சத்தம் ஒரு ஜனத்தாரிடம் இருப்பதும் போவதும் பழக்கத்தினாலேயே ஒழிய, பிறவியினால் அல்ல.

நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்திலே ‘இடைப்பாடி’, வாயிலே ‘எடப்பாடி’. இலை ‘எலை’ ஆவதும், இடம் ‘எடம்’ ஆவதும், உடம்பு ‘ஒடம்பு’ ஆவதும் எந்த விதிப்படியோ, அதே விதிப்படிதான் இதுவும் ஆனது. இங்கிலீஷில் எழுதுகிறவர்கள் ‘ஐ’ எழுத்தில் ஆரம்பிப்பதா, ‘ஈ’ எழுத்தில் ஆரம்பிப்பதா என்று இன்றுவரை இரண்டு விதமாகவும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சொந்த ஊரின் பெயரையே ஏட்டில் உள்ளபடி சொல்லாத நாம், ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்தவர் ழகரம் சொல்லவில்லை என்று சிரிக்கிறோம்!

சரி, கஷ்டம் எதனால் உண்டாகிறது? நாக்கைவிடக் காதுதான் முக்கிய காரணம். கனடா தேசத்து ஆராய்ச்சியாளர்களான ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் 1984-இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். நம்முடைய தகரத்திற்கும் டகரத்திற்கும் உள்ளது போன்ற வித்தியாசம் ஹிந்தியிலும் உண்டு. இங்கிலீஷ்காரருக்கு அது பிடிபடாத சங்கதி. ஆனால், இங்கிலீஷ் பேசுகிற வீட்டில் பிறந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் அந்த வித்தியாசத்தைக் கண்டுகொண்டன. பத்து, பன்னிரண்டு மாதம் ஆனபோது பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தெரியவில்லை. தாய் தகப்பன் வாயில் கேளாத வித்தியாசத்தை, வேண்டாத சரக்கென்று காது தள்ளிவிடுகிறது. எந்தக் குழந்தையும் எந்தப் பாஷைக்கும் தயாராகத்தான் பிறக்கிறது என்பதற்கு இதைவிட வேறு ருசு என்ன வேண்டும்? (பேச்சு வராத குழந்தையின் நாக்கில் வசம்பு தேய்த்துக்கொண்டும், சாமிக்கு வேண்டிக்கொண்டும் வருஷங்களைக் கழிக்கிற தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதலில் பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று அரசு ஆஸ்பத்திரியில் சோதித்துப் பாருங்கள். தாமதித்த ஒவ்வொரு மாதமும் நஷ்டம்.)

தள்ளிவிட்டதைப் பிற்பாடு பெறவே முடியாதா என்றால், பாடுபட்டால் பெறலாம். ஜப்பானியருக்கு ரகரமும் லகரமும் ஒன்றாகவே கேட்கும். அப்படிப்பட்ட பெரியவர்களுக்குப் பல பேர் வாயிலிருந்து அந்தச் சத்தங்களைத் திரும்பத்திரும்பக் கேட்கவைத்துச் சில வாரம் பழக்கியதில், பிரித்தறியும் திறமை கூடியது என்று 1991-இல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள்.

நம் பட்டறைக்கு வந்திருக்கிற தொழிலாளிக்கும் இதுதான் கதை. ஹிந்தியில் ஏகாரமும் ஓகாரமும் உண்டே தவிர, குறில் எகரமும் ஒகரமும் கிடையா. ஆகையால் அவர் ‘கொடு’ என்பதைக் ‘கோடு’ என்றும், ‘எடு’ என்பதை ‘ஏடு’ என்றும் சொல்லுகிறார். இது முட்டாள்தனமா? நாம் ஹிந்தி பேசினால் என்ன லட்சணம்? அவர்களுக்குக் ககரம் நான்கு, பகரம் நான்கு. நாம் நான்கையும் ஒரே சாக்கில் கொட்டிக் கட்டிவிடுகிறோம். ‘பாய்’ என்றால் அவருக்குச் சகோதரன். அதில் மூச்சை அழுத்தாமல் நாம் சொன்னால் அவரும் சிரிக்கத்தான் சிரிப்பார். இங்கிலீஷ்காரனுடைய ‘எஃப்’ நமக்குக் ‘காப்பி’யாகவும் ‘ஆபீஸ்’ ஆகவும் முடிந்துபோனதை இங்கிலீஷ்காரன் அறிவான்.

நிற்க, ‘ரத்தத்தில் உள்ள நாக்கு’ என்ற இந்தத் தத்துவம் யாருடைய கடைச் சரக்கு என்பதை யோசித்தீர்களா? சாக்ஷாத் பார்ப்பனர் கடைச் சரக்கே. மந்திரத்தில் ஒரு ஸ்வரம் பிசகினாலும் நாசம் என்று சொல்லி, ‘சூத்திரன் வாயில் அக்ஷர சுத்தம் வராது’ என்று பூட்டுப் போட்டவர்கள் அவர்கள். இதற்கு யஜுர் வேதத்திலிருந்து கதையும் வைத்திருக்கிறார்கள்: துவஷ்டா என்பவன் இந்திரனைக் கொல்ல ஒரு பிள்ளை வேண்டுமென்று யாகம் செய்தானாம், ஸ்வரம் மாறிப்போனதால் அர்த்தம் புரண்டு, இந்திரனால் கொல்லப்படுகிற பிள்ளையாக விருத்திரன் வந்து சேர்ந்தானாம். ஸ்வரம் பிசகியது சூத்திரன் வாயிலா என்றால், இல்லை! தேவலோகத்துத் தச்சனுக்கே பிசகிய சங்கதியைக் காட்டி, நம் வாயை அடைத்தார்கள்.

அந்த அக்ஷர சுத்தமாவது அவர்களுக்குள் ஒன்றாயிருக்கிறதா? ‘ஞானம்’ என்பது வடக்கே ‘க்யான்’. ‘க்ரிஷ்ண’ என்று ஒரு சீமையார் சொன்னால் ‘க்ருஷ்ண’ என்று மற்றொரு சீமையார் சொல்லுகிறார். வங்காளத்தில் வகரமே பகரமாகிறது. சுக்ல யஜுர் வேதத்து மாத்யந்தின சாகைக்காரர்கள் ‘புருஷ’ என்பதில் ஷகரத்தைத் தள்ளி, ககரம் போன்ற சத்தத்தை வைத்து ஓதுகிறார்கள். இவ்வளவு பேர் பிசகியும் எந்த இந்திரன் தலையும் உருளவில்லை. 2021 ஆகஸ்டில், பல ஜாதிகளையும் சேர்ந்த, அரசுப் பள்ளியில் பயிற்சி பெற்ற 24 பேர் தமிழ்நாட்டுக் கோயில்களில் அர்ச்சகர்களாக நியமிக்கப்பட்டார்கள். அப்போதும் "உச்சரிப்பு வருமா?" என்றுதான் கேட்டார்கள். நமக்குக் கல்லிடமும் நம்பிக்கையில்லை, மந்திரத்திடமும் நம்பிக்கையில்லை. ஆனால், கற்றுக்கொண்டால் வரும் என்பதைக் கற்றுக்கொண்டு வந்தவர்கள் காட்டிவிட்டார்கள். ‘சூத்திரன் வாயில் வராது’ என்பது பித்தலாட்டமானால், ‘வடக்கன் வாயில் வராது’ என்பது மாத்திரம் பகுத்தறிவாகிவிடுமா?

இது வெறும் சிரிப்புத்தானே, இதற்கு இவ்வளவு பேச்சா என்று சிலர் கேட்கலாம். 1983 ஜூலையில் இலங்கையில் நடந்ததை அவர்கள் நினைத்துப்பார்க்கட்டும். காடையர்கள் பஸ்களை மறித்து ஏறி, வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ என்ற சிங்கள வார்த்தையைச் சொல்லச் சொன்னார்கள். அந்த முதல் பகரத்தைச் சிங்களர்போல் அதிர்த்துச் சொல்ல வராதவர் தமிழர் என்று அறிந்து, வெட்டிக் கொன்றார்கள். கிறிஸ்தவர்களுடைய பழைய ஏற்பாட்டிலும், யோர்தான் நதித் துறையில் ‘ஷிபோலேத்’ என்று சொல்லத் தெரியாமல் ‘சிபோலேத்’ என்றவர்களை வெட்டியதாக எழுதியிருக்கிறது. தண்ணீர் மொள்ளுகிற வாளியின் பெயருக்காக உயிரைக் கொடுத்தது நம் ஜனம். அந்த ஜனத்தைச் சேர்ந்தவர்களே கடை வாசலில் நின்று வாழைப்பழப் பரீட்சை வைப்பதா?

ஹிந்தித் திணிப்பை எதிர்ப்பதற்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. 1938-இல் சிறைக்குப் போனவர்கள் கட்டாயப் பாடம் வைத்த சர்க்காரை எதிர்த்துப் போனார்களே தவிர, ஹிந்தி பேசுகிற கூலியாளை எதிர்த்துப் போகவில்லை. 2023 மார்ச்சில், பீகாரிகளைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்லுகிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பியபோது, பயந்துபோய் எத்தனையோ பேர் ரயிலேறினார்கள். கடை வாசல் கேலி அந்தப் பொய்க்குச் சாட்சி சொல்லப் போகவேண்டாம்.

தமிழபிமானம் உண்மையானால் அதைக் காட்ட வழி இருக்கிறது. லகரத்திற்கு நாக்கின் நுனி பல்லின் பின்னே மேலே தொடும். ளகரத்திற்குப் பின்னால் வளைந்துபோய் அண்ணத்தைத் தொடும். ழகரத்திற்கு அங்கே போயும் தொடாமல் நிற்க, காற்று வழிய வேண்டும். இரண்டாயிரம் வருஷத்துப் பழமை பேசப்படுகிற தொல்காப்பியத்திலேயே, நாவின் நுனி மேலே வளைந்து அண்ணத்தை வருடுவதாகச் சொல்லியிருக்கிறது. இதைச் சிரிக்காமல் ஒரு மாதம் அந்தத் தொழிலாளிக்குக் காட்டிக்கொடுங்கள். பதிலுக்கு அவருடைய நான்கு பகரத்தையும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். யார் வாய்க்கு முதலில் படிகிறது என்று பார்ப்போம்.